இரண்டு காக்டெய்லுக்கு எத்தனை அடிக் கூண்டு?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காகப் போன மாதம் பெங்களூரிலிருந்து இரண்டு காக்டெய்ல் (cockatiel, கொண்டை வைத்த சின்னக் கிளி வகை) வாங்கி வந்தோம். கடைக்காரர் கொடுத்த கூண்டு ஒன்றரை அடி உயரம், ஒரு அடி அகலம். ஒன்று இறக்கையை விரித்தால் இன்னொன்று ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் ஜி.ஐ. வலையில் "ஆறடி உயரத்துக்கு அம்சமா பண்ணித் தரேன்" என்கிறார். ஆன்லைனில் பார்த்தால் கோபுரம் வைத்த வட்டக் கூண்டுகள் அழகாக இருக்கின்றன. எதை வாங்குவது? கணவரின் அண்ணன் வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருக்கிறது. பெரிய கூண்டு செய்தால் அதையும் இதிலேயே விட்டுவிடலாம் என்கிறார்கள். விடலாமா?
— காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அம்மா, அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பிறகு பேசலாம். பட்டறைக்காரர் வலையை வெட்டிவிட்டால் அதன்பின் நான் என்ன எழுதியும் பயனில்லை.

இரண்டு காக்டெய்லுக்கு நீளம் 4 அடி, ஆழம் 2 அடி, உயரம் 3 அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் நீளம் 3 அடி, ஆழம் 2 அடி, உயரம் இரண்டரை அடி. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஒற்றைப் பறவை வைத்திருப்பவர்கள் 2 அடி நீளம், ஒன்றரை அடி ஆழம், 2 அடி உயரம் என்பதைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளலாம். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அரை அங்குலம். முக்கால் அங்குலத்தைத் தாண்டவே கூடாது.

கடைக்காரர் கொடுத்ததைக் கூண்டு என்று நான் சொல்ல மாட்டேன். பறவையை வீடு வரை கொண்டுவர அது போதும், குடியிருக்கப் போதாது. ஆனாலும் எறிந்துவிடாதீர்கள். நாளை மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டி வந்தால் இந்தச் சின்னதுதான் கைகொடுக்கும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம், மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்தினால் பறவை மிரளாது.

இனி அந்த ஆறடி உயரத்துக்கு வருகிறேன். காக்டெய்ல் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுச் சமவெளிகளில் தண்ணீரையும் புல்விதையையும் தேடிக் கூட்டமாக நெடுந்தூரம் பறக்கும் பறவை. அது ஹெலிகாப்டர் மாதிரி நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எழும்பாது. பக்கவாட்டில்தான் பறக்கும். ஒரு அடி அகலத்தில் ஆறடி உயரம் கொடுத்தால், மேலே இருக்கும் ஒன்றரை அடியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மீதி நாலரை அடி வெறும் காற்று. அதைக் கழுவுவதும் உங்கள் வேலையாகிவிடும். பட்டறைக்காரரிடம் அந்த ஆறடியை அப்படியே படுக்கப்போடச் சொல்லுங்கள். ஆறடி நீளமாகவே செய்து கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இடம் அதிகமாகிவிட்டதால் நோய்ப்பட்ட பறவை எதுவும் என்னிடம் சிகிச்சைக்கு வந்ததில்லை.

வளர்ந்த காக்டெய்ல் ஒன்று கொண்டையிலிருந்து வால் நுனி வரை சுமார் 30 சென்டிமீட்டர் இருக்கும். அதில் ஏறக்குறையப் பாதி வால்தான். அது ஒரு கட்டையில் உட்கார்ந்தால் மேலே கொண்டை விரிய இடம் வேண்டும், கீழே வால் தரையிலோ கிண்ணத்திலோ இடிக்கக் கூடாது, திரும்பும்போது பின்பக்கக் கம்பியில் வால் உரசக் கூடாது. சின்னக் கூண்டில் வளரும் பறவைகளின் வால் நுனி விளக்குமாறு போல பிய்ந்து போயிருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அது வியாதியில்லை, இடநெருக்கடி. இரண்டு இறக்கையையும் முழுதாக விரித்தபடி திரும்பினால் எந்தப் பக்கமும் படாத அளவு ஆழம் வேண்டும், இறக்கை விரிப்பைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத நீளம் வேண்டும். எந்தக் கிளி இனத்துக்கும் இந்தக் கணக்கோடு ஆரம்பிக்கலாம்.

ஆன்லைனில் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். "உயரம் 60 அங்குலம்" என்று போட்டிருப்பார்கள். அதில் ஸ்டாண்டு, சக்கரம், மேலே உள்ள கோபுரம் எல்லாம் அடங்கும். பறவைக்குக் கிடைப்பது அதில் பாதி. உள்ளளவைக் கேட்டு வாங்குங்கள். வட்டக் கூண்டு வேண்டவே வேண்டாம். உச்சியில் கம்பிகள் ஒன்றோடொன்று நெருங்கிவரும் இடத்தில் விரல் மாட்டிக்கொள்ளும். நேராகப் பறக்க ஒரு நீளம் இருக்காது. கிளி வகைப் பறவைகள் அலகால் பிடித்து ஏறுபவை. அதற்குக் குறுக்குக் கம்பி வேண்டும், பெரும்பாலான கோபுரக் கூண்டுகளில் இருப்பதெல்லாம் நெட்டுக் கம்பிதான்.

அளவைவிட ஆபத்தானது இடைவெளி. கூண்டு சிறியதாக இருந்தால் பறவை சலித்துப்போகும், இறகைப் பிடுங்கிக்கொள்ளும், நாள்பட உடல் கெடும். இடைவெளி தவறாக இருந்தால் ஒரே ராத்திரியில் செத்துப்போகும். தலை நுழைந்து திரும்ப வராத இடைவெளிதான் மிக மோசம். பட்டறைகளில் கோழிக்கூண்டுக்கென்று வைத்திருக்கும் ஒரு அங்குலக் கட்ட வலையைக் காட்டி "இது போதும்மா" என்பார்கள். போதாது. காக்டெய்லின் தலை அதில் நுழையும். அதோடு நம் பக்கத்தில் பூனை, பெருச்சாளி, பாம்பு மூன்றும் உண்டு. தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அரை அங்குல வலை உள்ளே இருப்பதையும் காக்கும், வெளியே இருப்பதையும் தடுக்கும். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கிவந்து வீட்டில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பட்டறையில் நின்றபடி கண்ணளவில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஜி.ஐ. வலை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஜி.ஐ. என்றால் இரும்புக் கம்பியின்மேல் துத்தநாகப் பூச்சு. துரு பிடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு, கோழிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அது நல்லதுதான். ஆனால் காக்டெய்ல் நாள் முழுக்கக் கம்பியை அலகால் கவ்விக்கொண்டும் நக்கிக்கொண்டும் இருக்கும். புது வலையில், முக்கியமாகக் கம்பிகள் சேரும் முனைகளில், துத்தநாகம் சின்னச் சின்னத் துளியாகவும் முள்ளாகவும் தொங்கி நிற்கும். மழையிலும் எச்சத்திலும் நனைந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டுமே வயிற்றுக்குள் போகும். 80 முதல் 120 கிராம் எடையுள்ள உடம்புக்கு அந்தத் துளிகளில் ஒன்றிரண்டே விஷம். பறவை உப்பிப்போய் உட்காரும், தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், எச்சம் நீர்த்துப்போகும், வாந்தி எடுக்கும், கால் தளர்ந்து கட்டையிலிருந்து விழும். சில நேரம் வலிப்பும் வரும்.

இப்படி ஒரு பறவையைப் பார்த்தால் "சூடு பிடிச்சிருக்கு" என்று வெந்தயத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால் உலோகத் துணுக்கு தெரியும், இரத்தத்தில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்ற ஊசி மருந்து இருக்கிறது. எக்ஸ்ரே வசதி பக்கத்தில் இல்லையென்றால் தெற்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, வடக்கே பெங்களூரு ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி. உங்கள் ஊரிலிருந்து இரண்டுக்குமே நெடுஞ்சாலை நேராகப் போகிறது.

அப்படியானால் எதில் செய்வது? கையில் பணம் இருந்தால் எஸ்.எஸ். 304 வெல்ட் மெஷ், அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பற்றவைத்த வலை. விலை கூடுதல்தான். காக்டெய்ல் பதினைந்து, இருபது வருடம் வாழக்கூடிய பறவை. அதற்குள் இரண்டு மூன்று ஜி.ஐ. கூண்டு மாற்றியிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டால் அவ்வளவு உறுத்தாது. கடையில் எஸ்.எஸ். என்று சொல்லிக் கொடுப்பதன்மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஜி.ஐ. பளிச்சென்று ஒட்டும், 304 அநேகமாக ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். அடுத்த வழி, சாதாரண இரும்புக் கம்பியில் செய்து பவுடர் கோட்டிங் போடுவது. ஓசூர்ப் பக்கம் தொழிற்பேட்டைகளில் வேலை வாங்கிச் செய்யும் சின்னப் பட்டறைகளில் விசாரியுங்கள். காக்டெய்லின் அலகு அந்தப் பூச்சை அவ்வளவு எளிதில் உரிக்காது. உரிந்த இடம் தெரிந்தால் அப்போதே சரிசெய்ய வேண்டும். எனாமல் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜி.ஐ. வலையை ஏற்கனவே வாங்கியாகிவிட்டது, திருப்பித் தர முடியாது என்றால் ஒரு வேலை செய்யுங்கள். தொங்கும் துளிகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கம்பி பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். இது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. வெள்ளைப் பொடி பூக்கும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இல்லை, ஆனாலும் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மேல்.

பட்டறைக்காரருக்குச் சொல்ல இன்னும் சில உண்டு. கதவு மேலிருந்து கீழே விழும் மாதிரி வேண்டாம், கழுத்தில் விழும். பக்கவாட்டில் திறக்கட்டும், உங்கள் கையும் கிண்ணமும் தாராளமாக நுழையட்டும், வெளியே கொண்டி போடட்டும். காக்டெய்ல் கொண்டியைத் தூக்கக் கற்றுக்கொள்ளும், அதனால் ஒரு சின்னக் கொக்கியும் சேர்த்துப் போடுங்கள். அடியில் இழுத்து எடுக்கும் தட்டு, அதற்கு மேலே பறவை எச்சத்தை மிதிக்காமலிருக்க ஒரு வலை. தட்டில் பழைய செய்தித்தாள் போதும், தினம் ஒரு தாள் மாற்றினால் எச்சத்தின் நிறமும் தண்ணீரும் உங்கள் கண்ணில் படும். பாதி நோயை நான் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். வெல்டிங் முடிந்த எல்லா முனையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். கடைசியாக, வீட்டு நிலைக்கதவின் அகலத்தை அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். 2 அடி ஆழம் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். உள்ளேயே வைத்து பற்றவைத்து, பிறகு கழுவ வெளியே எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

உட்காரும் கட்டைகளை இரண்டு ஓரங்களிலும் வையுங்கள், நடுவைக் காலியாக விடுங்கள். நாலடி நீளத்தைக் கொடுத்துவிட்டு நடுவில் ஊஞ்சல், மணி, ஏணி, கண்ணாடி என்று தொங்கவிட்டால் அந்த நீளத்தை நாமே பறித்துக்கொண்ட மாதிரி. கடையில் வரும் வழவழப்பான பிளாஸ்டிக் கோலில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாகும். பட்டையோடு கூடிய கொய்யாக் கிளை, வேப்பங்கிளை நல்லது. தடிமன் ஒரே மாதிரி இல்லாமல் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை மாறிமாறி இருக்கட்டும். மருந்தடித்த மரமாக இருக்கக் கூடாது. உங்கள் ஊர் மாந்தோப்புகளில் சீசனுக்கு முன் என்னென்ன அடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அரளிக் கிளையைத் தப்பித் தவறியும் வைக்காதீர்கள். நெடுஞ்சாலை நடுவே வரிசையாகப் பூத்து நிற்கிறதே, அதுதான். பூ, இலை, பட்டை எல்லாமே விஷம். தீனிக் கிண்ணமும் தண்ணீரும் கட்டைக்கு நேர் கீழே வராமல் தள்ளி இருக்கட்டும். குடிக்கத் தகாத போர் தண்ணீரைப் பறவைக்கும் வைக்க வேண்டாம், நீங்கள் குடிக்கும் ஒகேனக்கல் தண்ணீரே அதற்கும்.

எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாலடிக் கூண்டு வீட்டுக்குள் வந்ததும் அதுதான் அடுத்த கேள்வியாக வரும். ஹாலில் ஒரு பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். ஒரு பக்கமாவது மறைப்பு இருந்தால்தான் பறவை நிம்மதியாக இருக்கும். சமையலறையிலோ அதை ஒட்டியோ வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகம் காய்ந்தால் வரும் புகை மனிதருக்கு மணமே தெரியாது, பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே இவையும் அதே அறையில் வேண்டாம். மொட்டைமாடியில் தகர ஷீட் போட்டு அதன்கீழ் வைப்பது ஏப்ரல், மே மாதத்தில் கொலை. பறவைக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினால் உடனே நிழலும் காற்றும் வேண்டும் என்று அர்த்தம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மார்கழி, தை மாதத்தில் எதிர்ப் பிரச்சினை: இரவில் மூன்று பக்கம் துணி போட்டுக் குளிர்காற்றை மறைக்க வேண்டும்.

இரவில் காக்டெய்லுக்கு ஒரு மிரட்சி வருவதுண்டு. பட்டாசுச் சத்தம், பூனையின் நிழல், திடீரென்று கரண்ட் போய் வருவது, ஏதோ ஒன்றில் விழித்து இருட்டில் கண்மண் தெரியாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். சின்னக் கூண்டில், நெரிசலான கூண்டில் இது நடந்தால் வளரும் இறகு முறிந்து இரத்தம் கொட்டும். ஒரு ஜீரோ வாட் விளக்கு எரிய விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெரிய கூண்டு வந்துவிட்டதென்று வெளியே விடுவதை நிறுத்திவிடாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரமாவது அறைக்குள் பறக்கட்டும். விடுவதற்கு முன் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, தண்ணீர் நிரம்பிய வாளியை மூடிவிட வேண்டும். நம் வீடுகளில் பறவைக்கு முதல் எமன் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன்தான். மகளுக்கு அதைச் சொல்லிப் பழக்குங்கள். அவளுக்கு மூச்சிளைப்பு இருந்தால் இன்னொன்று: காக்டெய்ல் உடம்பிலிருந்து வெள்ளைத் தூள் உதிரும், அதனால் கூண்டு அவள் படுக்கும் அறையில் வேண்டாம். கடைக்காரர் கூண்டோடு மண்பானை ஒன்றையும் உங்கள் தலையில் கட்டியிருந்தால் இப்போதைக்கு அதை மாட்டாதீர்கள். பானை கண்டால் முட்டை வைக்கும். இளம் பெட்டையின் வயிற்றில் முட்டை மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வேறு பறவை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி ஆழமும் உயரமும், இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சன் கன்யூருக்கு 2 அடி நீளம், 2 அடி ஆழம், இரண்டரை அடி உயரத்துக்குக் குறையாமல், இடைவெளி முக்கால் அங்குலத்துக்குள், கம்பி தடிமனாக. ஆப்பிரிக்கன் கிரேக்கு 3 அடி நீளம், 2 அடி ஆழம், 4 அடி உயரம், இடைவெளி முக்காலிலிருந்து ஒரு அங்குலம். இவற்றில் கன்யூரும் கிரேயும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யப்பட வேண்டியவை. உங்கள் காக்டெய்லுக்கும் பட்ஜிக்கும் அந்தப் பதிவு தேவையில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பச்சைக்கிளியைக் காக்டெய்லோடு விடக் கூடாது. அதன் அலகு இவற்றைவிட மிகப் பலமானது, ஒரு கடியில் காக்டெய்லின் கால்விரல் போய்விடும். வெளியிலிருந்து வரும் எந்தப் பறவையையும் ஒரு மாதத்துக்கு மேல் தனி அறையில் வைத்துப் பார்க்காமல் சேர்ப்பதும் தவறு. கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. குஞ்சிலிருந்து வளர்த்தோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் என்பதெல்லாம் சட்டத்தில் செல்லாது. எத்தனை அடிக் கூண்டு என்ற கேள்வியே அதற்குக் கிடையாது. அந்த வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டு வருத்தப்படுவார் என்று தெரியும், அவர் அதைக் கொடுமைப்படுத்துகிறார் என்று நான் சொல்லவில்லை. ஜோசியக்காரர் கூண்டும் தாத்தா வீட்டுத் திண்ணைக் கூண்டும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது தப்பென்றே தோன்றியிருக்காது.

அதற்காகக் கதவைத் திறந்து மாந்தோப்புப் பக்கம் விட்டுவிடவும் வேண்டாம். வருடக்கணக்கில் கூண்டில் இருந்த கிளிக்கு இறக்கைத் தசை மெலிந்திருக்கும், இரை தேடத் தெரியாது, காக்கைகள் சூழ்ந்துகொண்டால் தப்பிக்கத் தெரியாது. உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு முதலில் போன் செய்து, இப்படி ஒரு கிளியைத் தாமாகவே ஒப்படைக்க விரும்புகிறோம் என்று சொல்லிவிட்டு, அது இப்போது இருக்கும் கூண்டோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். எத்தனை வருடம் வளர்த்தார்கள், இறக்கை வெட்டப்பட்டதா, என்ன தின்று பழக்கம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.